இஞ்சிவிளை தாண்டினால் வேறு ஆட்டம்

2020 நவம்பர் கடைசியில் நிலைமை இதுதான். கேரள எல்லையின் கடைசி ஊரான இஞ்சிவிளையில் இருப்பவர் செல்போனில் பணம் கட்டி ரம்மி ஆடலாம். கூப்பிடு தூரத்தில், களியக்காவிளையில் இருக்கும் அவருடைய மச்சினன் ஆடக்கூடாது. தமிழ்நாடு அரசு அந்த மாதம்தான் அவசரச் சட்டம் போட்டு ஆன்லைன் ரம்மியைத் தடுத்திருந்தது. 2021 பிப்ரவரியில் கேரளமும் தன்னுடைய 1960ஆம் ஆண்டு சூதாட்டச் சட்டத்தின் கீழ் ஓர் அறிவிக்கை வெளியிட, இருவருக்கும் ஆட்டம் இல்லை என்றானது. ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுச் சட்டத்தை ரத்து செய்தது. இப்போது மச்சினனுக்குக் கொண்டாட்டம், அத்தானுக்குத் தடை. செப்டம்பர் 27 அன்று கேரள உயர் நீதிமன்றம் அத்தானையும் விடுவித்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு புதுச் சட்டத்தோடு வந்தது. ரம்மிக்கும் போக்கருக்கும் அது செல்லாது என்று நவம்பரில் தீர்ப்பாயிற்று. 2025 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி தமிழ்நாட்டுக்காரர் ஆதார் காட்டித்தான் உள்ளே நுழைய வேண்டும்; நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 5 மணிவரை ஆடக்கூடாது. இஞ்சிவிளைக்காரருக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம் வந்த பிறகுதான் இரண்டு வீட்டுக்கும் ஒரே பூட்டு விழுந்தது.

வீடியோ கேம், செயற்கை நுண்ணறிவு, அரசாங்கம் மூன்றைப் பற்றியும் இன்று டீக்கடை முதல் டிவி விவாதம்வரை எல்லோருக்கும் கருத்து உண்டு. எனக்கும் உண்டு. சென்னையிலோ டெல்லியிலோ உட்கார்ந்து அதைச் சொல்வதைவிட, நெய்யாற்றின்கரை, அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை என்று நீளும் இந்தச் சாலையில் நின்று சொல்வது சுலபம். இங்கே அரசாங்கம் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று சொல்வதை இன்னொன்று மறுப்பதை மக்கள் தினமும் பார்க்கிறார்கள். அதனால் இரண்டையுமே அளவோடுதான் நம்புகிறார்கள்.

இந்த எல்லை பழைய எல்லையல்ல. 1956 நவம்பர் 1 வரை எல்லாம் ஒரே ராஜ்யம். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸும் மார்ஷல் நேசமணியும் போராடி, 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டுக்கு ஆட்கள் பலியாகி, கடைசியில் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நாலு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. கேட்ட நெய்யாற்றின்கரை வரவில்லை. பெண் கொடுத்ததும் எடுத்ததும் அப்படியே தொடர்ந்தன. நிலமும் சொந்தமும் கோட்டின் இரண்டு பக்கமும் கிடந்தன. பெட்ரோல் விலை குறைவு என்றால் வண்டி கிழக்கே போகும். ரேஷன் அரிசி திருட்டுத்தனமாக மேற்கே போகும். ஆஸ்பத்திரிக் குப்பை ராத்திரியோடு ராத்திரியாகக் கிழக்கே வரும். எந்தச் சட்டம் எந்தப் பக்கம் இளக்கமோ அந்தப் பக்கம் ஒதுங்கிக்கொள்வது எழுபது வருஷப் பழக்கம். அதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கிழக்கே போகும் சரக்கில் முக்கியமானது லாட்டரி. தமிழ்நாடு 2003 ஜனவரியில் எல்லா லாட்டரிகளையும் தடை செய்துவிட்டது. கேரளத்தில் அது அரசாங்கத்தின் சொந்தத் தொழில். 1967இல் இ.எம்.எஸ். அமைச்சரவையில் நிதியமைச்சராக இருந்த பி.கே. குஞ்ஞு தொடங்கிவைத்தது, முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26, சீட்டு 1 ரூபாய், முதல் பரிசு 50,000 ரூபாய். இன்று ஆண்டுக்கு விற்பனை 12,000 கோடி ரூபாயை ஒட்டி நடக்கிறது. வாரத்தின் ஏழு நாளும் குலுக்கல் உண்டு: செவ்வாய் என்றால் ஸ்திரீ சக்தி, சனி என்றால் காருண்யா. 2025இலிருந்து சீட்டு 50 ரூபாய், முதல் பரிசு 1 கோடி.

பாறசாலை, இஞ்சிவிளை லாட்டரிக் கடைகளின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றால் போதும். மேசையில் சீட்டுகள் கடைசி எண் வாரியாக விசிறிபோல் அடுக்கி, கிளிப் மாட்டி வைக்கப்பட்டிருக்கும். வருகிறவர் சீட்டின் பெயரைக் கேட்பதில்லை. “ஏழில் முடியுறது இருக்கா அண்ணே?” என்பார். பேச்சு தமிழ், வண்டி எண் டிஎன் 75, அதாவது மார்த்தாண்டம். வாங்கிய சீட்டைச் சட்டைப் பைக்குள் வைக்காமல் வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு போகிறவரும் உண்டு. கேரளத்துக்குள் வாங்கிய சீட்டென்றால் யார் வாங்கினாலும் பரிசு செல்லும். ஊருக்குக் கொண்டுபோய் விற்றால்தான் தப்பு. 2023 ஓணம் பம்பரின் 25 கோடி, வாளையாறில் வாங்கிய சீட்டுக்காகத் தமிழ்நாட்டைச் சேர்ந்த நால்வருக்குப் போனது. குமரி மாவட்டத்திலிருந்து வரும் வாடிக்கை இல்லையென்றால் இந்தச் சாலையோரக் கடைகளில் பல தேறாது என்று தாராளமாகச் சொல்லலாம்.

இதுவரைகூடப் பரவாயில்லை. பிற்பகல் 3 மணிக்குத் திருவனந்தபுரத்தில் குலுக்கல் நடக்கிறது. அந்த முடிவை வைத்துத் தமிழ்நாட்டில் தனியாக இன்னொரு ஆட்டம் ஓடுகிறது. ‘மூணு நம்பர் லாட்டரி’. முதல் பரிசு எண்ணின் கடைசி மூன்று இலக்கம் என்னவாக இருக்கும் என்று பந்தயம். சீட்டு கிடையாது, கடை கிடையாது. எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பி, பணத்தைக் கூகுள் பேயில் போட்டால் போதும். தமிழ்நாட்டுப் போலீஸ் பிடித்துக்கொண்டே இருக்கிறது, ஆட்டம் நடந்துகொண்டே இருக்கிறது. கேரளத்துக்குள்ளும் ‘எழுத்து லாட்டரி’ என்ற பெயரில் இதே திருட்டு ஆட்டம் உண்டு. ஆன்லைனில் லாட்டரி விற்கக் கேரளச் சட்டத்தில் இடமில்லை. ஆனாலும் கேரள லாட்டரியின் பெயரில் போலிச் செயலிகள் முளைத்து, அவற்றை நீக்கச் சொல்லி 2024 தொடக்கத்தில் கேரளப் போலீஸ் கூகுளுக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டிவந்தது. அரசாங்கம் காகிதத்தில் நடத்தும் ஆட்டத்தின் நிழல் செல்போனில் விழுகிறது. அந்த நிழலைத்தான் இரண்டு மாநிலப் போலீஸும் துரத்திக்கொண்டிருக்கின்றன.

ரம்மியைத் தடை செய்த கேரளத்தின் மேல் எனக்குள்ள முதல் புகார் இதுதான். ஆட்டத்தை நடத்துகிறவர் நடுவராக வந்து நின்றால் யார் கேட்பார்கள்? கடன், தற்கொலை, குடும்ப நாசம் என்று ரம்மிக்கு எதிராகச் சொன்ன காரணங்கள் எல்லாம் உண்மை. திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே ஆன்லைன் ரம்மிக் கடனில் உயிர்கள் போயிருக்கின்றன. ரம்மி விளம்பரத்தில் நடித்த கிரிக்கெட் வீரருக்கும் சினிமா நட்சத்திரங்களுக்கும் கேரள உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் நோட்டீஸ் அனுப்பியது. அடுத்த மாதமே தடை வந்தது. தடை தவறு என்று நான் சொல்லவில்லை. தினம் 50 ரூபாய்க்குச் சீட்டு வாங்கும் கூலித் தொழிலாளியின் கணக்கையும் அதே கண்ணால் பார்க்கவேண்டும் என்கிறேன். லாட்டரிப் பணம் காருண்யா நிதி வழியாக ஏழைகளின் சிகிச்சைக்குப் போகிறது என்பார்கள். போகிறது. அந்தப் பணம் பெரும்பாலும் எந்த வீட்டிலிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இரண்டு உயர் நீதிமன்றங்களும் தடையை ரத்து செய்ததற்குக் காரணம் ஒரு பழைய தீர்ப்பு. செகந்திராபாத் கிளப் ஒன்றில் ரம்மி ஆடியவர்களைப் பற்றிய ஆந்திர வழக்கில், 1960களில் உச்ச நீதிமன்றம் சொன்னது: மூன்று சீட்டு ஆட்டம்போல ரம்மி வெறும் அதிர்ஷ்டம் அல்ல, விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்து, எதைப் பிடிப்பது எதை விடுவது என்று யோசிக்க வேண்டும், ஆகவே அது திறமை ஆட்டம். கிளப்பில் நாலு பேர் முகம் பார்த்து ஆடியதற்கு அது சரி. செல்போனில் எதிரே இருப்பவர் யார்? சீட்டைக் கலைப்பது மென்பொருள். எதிராளியே மனிதனா, நிரலா என்பது ஆடுகிறவருக்குத் தெரிய வழியில்லை. தமிழ்நாடு அரசு நீதிமன்றத்தில் வைத்த வாதங்களில் இதுவும் ஒன்று. என் நினைப்பில் அதுதான் அதன் வலுவான வாதமும்கூட. நீதிபதி சந்துரு தலைமையிலான குழு 2022இல் அறிக்கை கொடுத்தது, சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியது, ஆளுநர் ஆர்.என். ரவி 2023 மார்ச்சில் அதைத் திருப்பி அனுப்பினார். மறுபடி நிறைவேற்றிய பிறகுதான் ஒப்புதல். சூதாட்டம் மாநிலப் பட்டியலில் 34ஆவது இனம். அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தவே ஒரு மாநிலம் இத்தனை படி ஏறி இறங்க வேண்டியிருந்தது.

மத்தியச் சட்டம் அந்த ‘திறமையா, அதிர்ஷ்டமா’ பட்டிமன்றத்தையே தூக்கி எறிந்தது. பணம் கட்டி, பணம் எதிர்பார்த்து ஆடினால் தடை. எந்த ஆட்டமானாலும் சரி. நடத்துகிறவருக்கு 3 ஆண்டுவரை சிறை, 1 கோடிவரை அபராதம். விளம்பரம் செய்தால் 2 ஆண்டு, 50 லட்சம். ஆடியவருக்குத் தண்டனை இல்லை. இந்தக் கடைசி வரிக்காகவே நான் அந்தச் சட்டத்துக்குக் கைதட்டுவேன். தோற்றவன் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் பயமில்லாமல் நிற்க முடியும். 45 கோடிப் பேர் ஆண்டுக்கு 20,000 கோடி ரூபாய் இழக்கிறார்கள் என்பது அப்போது மத்திய அரசு தரப்பில் சொன்ன மதிப்பீடு. மறுபக்கமும் உண்டு. மாநிலங்களைக் கலக்காமல், மக்களவையில் ஒரு நாள், மாநிலங்களவையில் ஒரு நாள் என்று ஓடிய வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கின்றன. மாநில அரசு நடத்தும் லாட்டரி 1998ஆம் ஆண்டுத் தனிச் சட்டத்தின் கீழ் வருவது. அதை இந்தப் பூட்டு தொடவே இல்லை.

நிஜமான வீடியோ கேமுக்கு வருவோம். ரம்மியையும் பப்ஜியையும் ஒரே மூட்டையில் கட்டிப் பேசுவதைப்போல எரிச்சல் தருவது வேறில்லை. 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி உள்பட 118 செயலிகளை மத்திய அரசு முடக்கியபோது இந்த ஊர்களிலும் அம்மாக்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் அரசு சொன்ன காரணம் பிள்ளைகளின் படிப்பல்ல, நாட்டின் பாதுகாப்பு. லடாக்கில் சீனாவோடு உரசல் இருந்த சமயம். 2021 ஜூலையில் அதே ஆட்டம் பெயர் மாறி வந்தது, 2022 ஜூலையில் முடங்கியது, 2023 மே மாதம் திரும்பி வந்தது. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு நாளைக்கு 3 மணி நேரம் என்ற வரம்பும் அதில் உண்டு. அந்த வயதை யார் சரிபார்ப்பது? பையன் அப்பாவின் போனில், அப்பாவின் பிறந்த தேதியில் ஆடுகிறான்.

இந்த வழியில் நமக்கு முன்னே போனவர்கள் உண்டு. தென் கொரியா 2011இல், 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 மணிவரை கணினியில் ஆன்லைன் கேம் ஆடக்கூடாது என்று சட்டம் போட்டது. பிள்ளைகள் கணினியை விட்டுச் செல்போனுக்கு நகர்ந்தார்கள். பத்து வருஷம் கழித்து அரசே அதைக் கைவிட்டது. சீனா 2021இல் வெள்ளி, சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாள்களில் இரவு 8 முதல் 9 மணிவரை மட்டும் என்று முடுக்கியது; அதைச் சாதிக்க அவ்வளவு பெரிய கண்காணிப்பு வேண்டும், அது நமக்கு வேண்டாம். பெல்ஜியம் 2018இல் செய்தது எனக்குப் பிடிக்கும். நேரத்தை அது தொடவில்லை. கேமுக்குள் காசு கொடுத்து, உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாமல் திறக்கும் பெட்டிகளைச் சூதாட்டம் என்று அறிவித்தது. துப்பாக்கிக்கு மினுமினுக்கும் பெயின்ட் கிடைக்குமா, சாதாச் சட்டை கிடைக்குமா என்று 13 வயதுப் பையன் அம்மாவின் கணக்கிலிருந்து பணம் கட்டித் திறக்கிறானே, அதுவும் சீட்டுக் கிழிப்பதுதான். நம்முடைய புதுச் சட்டம் இந்தப் பெட்டிகளைப் பற்றி வெளிப்படையாகப் பேசவில்லை. ஆட்டத்தை விடுங்கள், பணம் போகும் வாசலைப் பாருங்கள் என்பதுதான் கேம் விஷயத்தில் என் கட்சி. ஆடிக்கொண்டே இருக்கும் பிள்ளைக்குப் போலீஸும் வேண்டாம் என்றிருப்பேன். ஆனால் கேரளப் போலீஸ் 2023இல் தொடங்கிய ‘டி-டாட்’ என்ற டிஜிட்டல் போதை மீட்பு மையங்கள் அந்த எண்ணத்தைக் கொஞ்சம் அசைத்தன. அங்கே வழக்கு இல்லை. உளவியல் ஆலோசகர் இருக்கிறார்.

செயற்கை நுண்ணறிவு இந்தச் சாலைக்கு வந்தது கேமரா உருவத்தில். 2023 ஏப்ரல் 20 அன்று கேரள அரசு 726 கேமராக்களைத் தொடங்கிவைத்தது. அவற்றில் 675, ஹெல்மெட் இல்லாதவரையும் சீட் பெல்ட் போடாதவரையும் வண்டி ஓட்டும்போது போன் பேசுகிறவரையும் தானே கண்டுபிடிக்கும் ஏஐ கேமராக்கள். கேரள அரசு நிறுவனமான கெல்ட்ரான் செய்த 232 கோடி ரூபாய்த் திட்டம். ஒப்பந்தத்தில் ஊழல் என்று எதிர்க்கட்சி கிளம்பி நீதிமன்றம்வரை போனது. ஜூன் 5 முதல் அபராதம். அதுவரை அமரவிளையில் வண்டியை மறித்தவர் ஒரு மனிதர். கெஞ்சலாம், சண்டை போடலாம், ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று சொல்லலாம். சில சமயம் கையில் ஏதாவது திணித்ததும் உண்டு, மறைப்பானேன். கேமராவிடம் இது ஒன்றும் நடக்காது. கேஎல் 20 வண்டிக்கும் டிஎன் 75 வண்டிக்கும் அது பாரபட்சம் பார்ப்பதில்லை. நோட்டீஸ் மத்திய அரசின் ‘பரிவாஹன்’ தளம் வழியாக எந்த மாநிலத்துக்கும் போய்ச் சேரும். ஹெல்மெட் போடும் பழக்கம் இந்தச் சாலையில் கூடியிருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். அந்த வகையில் நான் கேமரா கட்சி.

ஆனால் தொடக்கத்திலேயே ஒரு சிக்கல் வந்தது. ஸ்கூட்டரில் அப்பா, அம்மா, நடுவில் ஒரு குழந்தை. கேமரா மூன்று தலையை எண்ணி அபராதம் என்றது. சட்டப்படி அது சரியும்கூட. கார் வாங்க வசதியில்லாத குடும்பம் பிள்ளையை எங்கே வைக்கும் என்று மாநிலம் முழுக்கக் கொந்தளிப்பு. 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு விலக்கு கேட்டு மத்திய அரசுக்கு எழுதினார்கள். பதில் வரும்வரை அபராதம் வேண்டாம் என்று போக்குவரத்து அமைச்சர் ஆன்டனி ராஜு அறிவித்தார். அரசாங்கம் என்று நான் மதிப்பது இந்த இடத்தைத்தான். எண்ணத் தெரிந்த இயந்திரம் எண்ணட்டும். அந்த எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு என்ன செய்வது என்பதற்குப் பெயரும் முகமும் உள்ள ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். பஸ் ஏறிப் போய் அவரைப் பார்த்து, ‘சார், இது என் வண்டியே இல்லை’ என்று சொல்ல முடிய வேண்டும். எண் பலகையைத் தவறாகப் படித்து வேறொருவருக்கு நோட்டீஸ் போன செய்திகள் அந்த வருஷமே வந்தன. எல்லைக்கு அப்பால் இருப்பவருக்கு இந்தத் தொல்லை இரட்டிப்பு. குழித்துறையில் வீடு, நெய்யாற்றின்கரையில் அபராதம் என்றால், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அலைவதைவிடக் கட்டித் தொலைப்போம் என்றுதான் தோன்றும். செய்யாத தப்புக்கும் கட்டுவார்கள்.

இந்த விஷயத்தில் கேரள உயர் நீதிமன்றம் அரசாங்கத்தைவிடத் தெளிவாக இருக்கிறது. 2025 ஜூலையில் அது மாவட்ட நீதித்துறைக்கு ஒரு கொள்கை வகுத்தது. அதன்படி நெய்யாற்றின்கரை நீதிமன்றம் உள்பட எந்தக் கீழ் நீதிமன்றத்திலும் முடிவெடுக்கவோ தீர்ப்பு எழுதவோ ஏஐ கருவியைப் பயன்படுத்தக்கூடாது. மற்ற வேலைகளுக்கும் அங்கீகரித்த கருவிகள் மட்டும், அதுவும் மனிதர் மேற்பார்வையில். இதே வாசகத்தைப் போக்குவரத்துத் துறை முதல் ரேஷன் கடை வரைக்கும் ஒட்டிவைக்கலாம்.

கேரளப் பள்ளிக்கூடங்களில் காற்று வேறு திசையில் அடிக்கிறது. ஏழாம் வகுப்பு ஐசிடி பாடத்தில் 2024ஆம் கல்வி ஆண்டிலிருந்து செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. மனித முகத்தைப் பார்த்து ஏழு உணர்ச்சிகளை அடையாளம் காணும் நிரலைப் பிள்ளைகளே செய்யும் பயிற்சி அதில் உண்டு. மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் என்று நாலு மொழியிலும் புத்தகம் வந்ததால், தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்கும் இது கிடைக்கிறது. கேரளக் கல்வித் துறையின் ‘கைட்’ நிறுவனம் அந்த வருஷமே 80,000 ஆசிரியர்களுக்கு ஏஐ பயிற்சி என்று இறங்கியது. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடும் ‘டிஎன் ஸ்பார்க்’ என்று தொடங்கியிருக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தின் வடக்குக் கோடியில் கடுவாயில் பள்ளியில் சேலை கட்டிய ‘ஐரிஸ்’ ரோபோ டீச்சர் 2024இல் வந்தபோது நாடே படம் போட்டது. எனக்கு அந்த பொம்மையைவிட ஏழாம் வகுப்புப் பயிற்சிதான் பெரிய சங்கதி. முகத்தில் கோபத்தைத் தேடும் நிரலைத் தானே எழுதி, அது சிரிப்பைக் கோபம் என்று சொல்வதையும் பார்த்துவிட்ட பிள்ளை, நாளைக்குக் கேமரா நோட்டீஸ் வந்தால் அப்பாவைப்போல் பேசாமல் பணம் கட்டாது.

அந்தப் புத்தகத்தில் இன்னொரு பயிற்சி சேர்க்கும்படி நான் சிபாரிசு செய்வேன். ஏறத்தாழ ஒரு கோடிச் சீட்டு அச்சாகும் ஆட்டத்தில் ஒருவர் தினமும் 50 ரூபாய்க்கு ஒரு சீட்டு வாங்குகிறார். வருஷத்துக்கு 18,250 ரூபாய். 30 வருஷத்தில் 5,47,500. அவருக்கு என்ன திரும்பி வரும் என்பதை ஆயிரம் முறை குலுக்கிப் பார்க்க ஒரு நிரல் எழுதுக. கஷ்டமான கணக்கல்ல, ஏழாம் வகுப்புக்குத் தாராளமாக வரும். அனுமதி கிடைப்பதுதான் சந்தேகம். கேரளத்துப் பாடப் புத்தகங்களை அச்சடிப்பது காக்கநாட்டில் உள்ள அரசு நிறுவனமான கேபிபிஎஸ். லாட்டரிச் சீட்டு அச்சாவதும் அங்கேதான்.